பானெட்டில் நீ வெட்டிய ஏழு செவுள்கள்

செல்வத்துக்கு,

நான் சொல்லச் சொல்ல இதை உன் தங்கை கோமதி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் தெரியும். இவ்வளவு நீளம் எழுத வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் “சொல்லுதேன்” என்றால் அவள் “சொல்கிறேன்” என்று எழுதுகிறாள். பத்தாம் வகுப்பில் தமிழில் முதல் மார்க் வாங்குகிறவளோடு நான் சண்டை போட முடியுமா? ஆனால் நான் சொல்லாததைச் சேர்க்கக் கூடாது, சொன்னதை விடக் கூடாது என்று பேசிக்கொண்டுதான் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டப் போவதில்லை. கொண்டு வருகிற லாரிக்காரர் படிக்கட்டும். உன் பட்டறையில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் படிக்கட்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் நீ கட்டியிருக்கிற அந்தக் காரின் பானெட்டைத் திற. நத்தையைச் சுற்றி நீ அடித்து வைத்திருக்கிற தகரப் பெட்டியைக் கழற்றிப் போடு. எஞ்சினுக்கு அடியில் தூசித் தகரம் மாட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடு. நத்தைக்கு நேர் மேலே பானெட்டில் சூடு வெளியேற வழி வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் வருகிற வெள்ளிக்கிழமை அந்த வண்டியை ஊட்டி மலைக்கு ஏற்றாதே. உன் முதலாளி குடும்பத்தோடு வந்து ஏறி உட்கார்ந்திருந்தாலும் ஏற்றாதே. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீ படிக்காவிட்டாலும் சரி, இதைப் படித்தால் போதும்.

நத்தை என்று நான் சொல்வது உன் பட்டறையில் மற்றவர்களுக்குப் புரியாது. நீ தூத்துக்குடி பழைய இரும்புக் கடையிலிருந்து அந்த டர்போவைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அடுப்படி வாசலில் இறக்கினாயே, அன்றைக்கு உன் அம்மா வைத்த பெயர் அது. துறைமுகத்தில் கழித்துப் போட்ட ஏதோ ஒரு இழுவை வண்டியில் இருந்தது என்றாய். “இது என்னலே, நத்தையை இரும்புல வார்த்திருக்கான்?” என்றாள் அவள். நீ தரையில் உட்கார்ந்து அவளுக்கு விளக்கினாய். எஞ்சின் வெளியே துப்புகிற புகையே ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் இருக்கிற மறுபக்கத்துச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசல் நன்றாக எரியும், இழுவை கூடும் என்றாய். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப புகை போற பக்கம் அடுப்பு மாதிரிதான கொதிக்கும்? அதைப் போய் வயர், ரப்பர் எல்லாம் கெடக்க எடத்துலயா வைக்கப் போற?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. “அதுதாம்மா மொத்த வேலையுமே. நத்தையை மாட்ட ஒரு நாள் போதும். அது சூட்டை எங்க அனுப்புறதுங்குறதுக்குத்தான் ஆறு மாசம்” என்றாய். ஆறு மாசம்தான் ஆனது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கோமதி பேருக்குத்தான் எழுதியிருந்தாய். இரண்டு வருஷமாக எல்லாக் கடிதமும் அவள் பேருக்குத்தான் வருகிறது. அதில் “அம்மா அப்பா நலமா” என்று ஒரு வரி இருக்கும், அந்த வரியில் எனக்குப் பாதி உண்டு. இந்தத் தடவை அவள் பட்டறைக்கே கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். கோயம்புத்தூரிலும் ஒரு அம்பாசிடரில் டீசல் எஞ்சினும் டர்போவும் ஏற்றியிருப்பதாக எழுதியிருந்தாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் அவள் இதை வாசித்தாள்: “அப்பா சொன்னதுதான் சரி. பானெட்டில் நான் ஓட்டை போட்டதால்தான் ஓட்டத்துக் காற்று நேராகப் பட்டு நத்தை வெடித்தது. இந்தத் தடவை காற்றே படாதபடி பெட்டி அடித்து நாலு பக்கமும் மூடிவிட்டேன். அப்பாவிடம் சொல்.”

அப்பா சொன்னதுதான் சரி. பிறந்ததிலிருந்து நீ அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை, செல்வம். முதல் தடவையாகச் சொல்லியிருக்கிறாய், அதுவும் நான் பொய் சொன்ன விஷயத்துக்கு.

கோமதி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சாக்கு இருந்தது. அதை என் முன்னால் தரையில் விரித்தாள். நடுவில் கருகிப்போன ஒரு தடம், உட்பக்கம் சுழித்துப் போகிற வட்டம். நத்தையின் ஓடு அச்சு எடுத்த மாதிரி. “ரெண்டு வருஷமா நெல்லுக் குதிருக்குப் பின்னால வச்சிருக்கேன்” என்றாள். “அன்னைக்கு டிக்கியைக் கழுவும்போது கெடச்சது. உங்ககிட்டக் கேட்டேன். பேசாம இருடின்னு சொன்னீங்க. பேசாம இருந்தேன். இப்ப அண்ணன் மலையேறப் போறானே அப்பா.” (இந்த இடத்தை எழுத மாட்டேன், தன்னைப் பெரிதாகக் காட்டுகிறது என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டாள். எழுது என்றேன். எழுதியிருக்கிறாள்.)

இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நம் ஊரில் வெயிலையும் தூசியையும் பார்த்து வளர்ந்தவனுக்கு எதையும் மூடித்தான் பழக்கம். கரிசல் மண் காய்ந்து காற்றில் கிளம்பினால் சோற்றுப் பானையிலிருந்து கடிகாரம் வரை மூடி வைப்போம். லாரியோ டிராக்டரோ எது வந்தாலும் அடியில் தகரம் அடித்து, முன்னால் சாக்குக் கட்டி அனுப்புகிறவன் நான். நம் அம்பாசிடரில் நத்தையை ஏற்றும்போது நீ நேர்மாறாக யோசித்தாய். புகைக் குழாயில் கல்நார்க் கயிற்றை இழுத்துச் சுற்றினாய். அதற்கும் டீசல் ஹோஸுக்கும் நடுவில் எண்ணெய் டின்னை வெட்டித் தகரம் வைத்தாய். ஒன்று போதாது என்று இரண்டு தகரம், நடுவில் விரல் போகிற சந்து. “அந்தச் சந்துதான்ப்பா சூட்டைத் தடுக்கும், தகரம் இல்ல” என்றாய். ரப்பரும் வயரும் நத்தைக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகணும் என்று எல்லாவற்றையும் பிரித்து வேறு வழியில் கட்டினாய். இதெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் நான் இரண்டு நாள் மதுரைக்குச் சாமான் வாங்கப் போய்த் திரும்பியபோது பானெட்டில் ஏழு வெட்டு இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஓரத்தைப் பின்பக்கம் பார்த்துத் தூக்கிவிட்டிருந்தாய், மீன் செவுள் மாதிரி.

எனக்கு எப்படி வந்தது கோபம்! “வெட்டவெளியில நிக்க வண்டிலே இது! மழை வந்தா? மண்ணு வந்தா?” என்று கத்தினேன். நீ, “வண்டி ஓடும்போது முன்னால வர காத்து பாத்துக்கும்ப்பா. நிக்கும்போதுதான் சூடு உள்ளயே கெடந்து வேகும். அது மேல போக வழி வேணும், கீழ இருந்து புதுக்காத்து வரணும். அந்த அடித்தகரத்தை எடுத்துருங்க” என்றாய். நான் எடுக்கவில்லை. செவுள் இருக்கட்டும், அடித்தகரமும் இருக்கும் என்று பேரம் பேசினேன். நீ மேலே திறந்தாய், நான் கீழே அடைத்தேன். உள்ளே வர வழியில்லாமல் காற்று மேலே எப்படிப் போகும்? இது எனக்கு அப்போது தெரியவில்லை. தெரியவில்லை என்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். மகன் சொல்கிறான், கேட்டுப் பார்ப்போமே என்று தோன்றவில்லை பார், அதுதான் தப்பு.

வெள்ளோட்டம் விட்ட நாள் உனக்கு மறந்திருக்காது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி தானே வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். வண்டி நன்றாகப் போனால் அவருடைய இரண்டு காரையும் நம் பட்டறையில் விடுவதாகச் சொல்லியிருந்தார். நான் பின்னால். சித்திரை வெயில். எட்டயபுரம் தாண்டி எப்போதும்வென்றான் ஊர் வரைக்கும் நீ ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! பாரம் ஏற்றின லாரிகளை ஒவ்வொன்றாகப் பின்னால் விட்டுக்கொண்டே போனாய். நத்தை விசில் அடிக்கிற சத்தம் எனக்குப் பின் சீட்டில் கேட்டது. முதலாளி திரும்பி, “ஏய்யா, உம்ம மவன் காருக்குள்ள ரயிலை வச்சிருக்கானா?” என்று கேட்டார். என் வாழ்நாளில் அந்த ஓட்டத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை. இதை அன்றைக்கே இறங்கி உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எட்டயபுரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு வேப்ப மரத்தடியில் நீ வண்டியை ஓரம் கட்டினாய். ரேடியேட்டர் தண்ணீர் சூடு ஏறுகிறது என்றாய். “அப்பா, எஞ்சினை அணைக்காதீங்க. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும். சட்டுனு நிறுத்தினா நத்தைக்குள்ள எண்ணெய் நின்னு கரியாயிரும். பானெட்டைத் தொடாதீங்க, சூடு செவுள் வழியா இறங்கிரும்” என்று சொல்லிவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு தூரத்தில் தெரிந்த டீக்கடைக்கு நடந்தாய். முதலாளி இறங்கி ரோட்டோரமாகப் போய், பருத்தி எடுத்து முடித்த காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிக்குப் பக்கத்தில் நான் மட்டும்.

செவுள் வழியாகப் புகை வந்தது. முதலில் மெல்லிசாக, அப்புறம் கறுப்பாக. நான் பானெட்டைத் தூக்கினேன். மங்கின வெளிச்சத்தில் நத்தையின் ஒரு பக்கம் செக்கச்செவேல் என்று, அடுப்பில் மறந்து வைத்த கரண்டி மாதிரி இருந்தது. எங்கிருந்தோ எண்ணெய் கசிந்து கல்நார்க் கயிற்றில் ஊறி, ஒரு விரல் உயரத்துக்குத் தீ நின்றது. அவ்வளவுதான், ஒரு விரல். சுற்றிலும் கண்ணுக்கு எட்டின மட்டும் மண். இரண்டு கை அள்ளி அந்தக் கயிற்றின் மேல் போட்டிருந்தால் தீரும்.

ஆனால் நான் கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிற அறையில் வேலை பார்த்தவன். அங்கே ஒவ்வொரு வாசலிலும் ஈரச் சாக்குத் தொங்கும். மருந்து முக்கின தீக்குச்சிச் சட்டம் ஒன்று பற்றிக்கொண்டால், யோசிக்காதே, ஈரச் சாக்கை எறி. என் கையாலேயே மூன்று தடவை அப்படி அணைத்திருக்கிறேன். ஒரு தடவை பெரிய முதலாளி எல்லாருக்கும் முன்னால் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தீ என்றால் கை தானாகச் சாக்கைத் தேடும். நான் எந்த வண்டியில் ஏறினாலும் காலடியில் ஒரு நனைந்த சாக்கு வைத்திருப்பேன், உனக்குத் தெரியும், கேலிகூடச் செய்வாய். அதை எடுத்து நத்தையின் மேலேயே போட்டு அமுக்கினேன். தீ அணைந்தது. ஆவி என் முகத்தில் அடித்தது. அந்த ஆவிக்குள்ளே இருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம், கோயில் மணியை ஒரே ஒரு தடவை அடித்த மாதிரி.

வார்ப்பு இரும்பு. சிவந்து கிடக்கிறபோது தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! சாக்கை எடுத்தபோது ஓட்டின் மேல் மயிர் மாதிரி ஒரு கோடு, விளிம்பிலிருந்து விளிம்பு வரைக்கும். எஞ்சினை நிறுத்தினேன். முதலாளி, “என்னவே சத்தம்?” என்று கேட்டுக்கொண்டே திரும்பி நடந்து வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் சாக்கைச் சுருட்டி டிக்கியில் போட்டுவிட்டேன். ஏன் போட்டேன் என்று இரண்டு வருஷமாக என்னையே கேட்கிறேன். பயமில்லை. வெட்கம். முப்பது வருஷம் இரும்போடு கிடந்தவன், நேற்றுப் பயிற்சிக்கு வந்தவன்கூடச் செய்யாத காரியத்தைச் செய்துவிட்டேன் என்ற வெட்கம்.

நீ கேனோடு ஓடி வந்தாய். குனிந்து பார்த்தாய். “எப்படிப்பா?” என்றாய். நான் முதலாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், உன்னைப் பார்த்து இல்லை: “பானெட்டுல ஓட்டை போடாதலேன்னு தலைப்பாடா அடிச்சேன் அண்ணாச்சி. ஓட்டத்துக் காத்து நேரா அடிச்சு இரும்பு வெடிச்சிட்டு.” முதலாளி சிரித்தார். “ஏலே, பானெட்டைச் சல்லடையாக்கி வச்சிருக்கியே. காரு எதுக்கு, மாவு சலிக்கவா?” என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்பா சொன்னால் இருக்கும் என்று அந்த ஒரு தடவை மட்டும் நம்பிவிட்டாய். டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு வந்த வழி முழுக்க அந்தத் தண்ணீர்க் கேனை மடியிலேயே வைத்திருந்தாய். வெளியே கொட்ட உனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து அதை அம்மாவின் குடத்தில் ஊற்றினாய்.

பத்தாம் நாள் கோயம்புத்தூருக்குக் கிளம்பினாய். அம்மாவும் கோமதியும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். நான் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு, வேலை இருக்கிறது, வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன். நீ வந்து குனிந்து என் காலை மட்டும் பார்த்துவிட்டு, “வாரேன்ப்பா” என்றாய். அந்த டிராக்டருக்கு அடியில் ஒரு வேலையும் இல்லை, செல்வம். முந்தின நாளே முடித்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். நீ போன மறு வாரம் அந்த ஏழு செவுளையும் உள்பக்கமாகத் தகரம் வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்தேன். பார்க்கிறவர்கள் கேட்டால், பையன் தெரியாமல் வெட்டினது என்று சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் வண்டியை எடுக்கவில்லை. எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. நத்தை இல்லாமல் பழையபடி குழாய் போட்டு ஓட்டலாம். விலைக்குக் கேட்டும் ஆள் வந்தது. உன் அம்மா, “ஓட்டவும் மாட்டிய, விக்கவும் மாட்டிய. காரா அது, இல்ல சாமி சப்பரமா?” என்று கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத் துடைக்கிறேன். அவ்வளவுதான் அதோடு எனக்கு உள்ள சம்பந்தம்.

நீ சொன்ன இரண்டு நிமிஷம் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது. டர்போ கிர்போ ஒன்றும் இல்லாத வண்டிதான் நம் ஜீப்பு. அதைக்கூட இப்போது சட்டென்று நிறுத்த மாட்டேன். வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் உன் நினைப்பு வரும். சின்ன வயசில், லாரியை நிறுத்தின பிறகு எஞ்சினுக்குள்ளே ‘டிக் டிக்’ என்று கேட்கிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாய். “என்னப்பா பேசுது?” என்று கேட்பாய். இரும்பு ஆறுகிற சத்தம், போய் விளையாடு என்பேன். நீ போக மாட்டாய். கடைசி டிக் கேட்கும் வரை உட்கார்ந்திருப்பாய். நான் கவனித்திருக்க வேண்டும், இவன் ஓட்டுகிறதில் ஆசை வைத்த பிள்ளை இல்லை, நின்ற பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று யோசிக்கிற பிள்ளை என்று. உன் அம்மா வாசலுக்கு வந்து, “வீடு வந்தாச்சு. யாருக்காக உறுமிக்கிட்டுக் கெடக்கு அது?” என்பாள். யாருக்காக என்று அவளுக்கும் தெரியும். டீசல் வீணாகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே போவாள், ஒரு நாளும் நிறுத்தச் சொன்னதில்லை.

இந்த இடத்தில் கோமதி, சூட்டை மனசுக்கும் பானெட்டைக் குடும்பத்துக்கும் ஒப்பிட்டு ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. அதை அடித்துவிடச் சொன்னேன். நான் உனக்குச் சொல்வது பானெட்டைப் பற்றித்தான். மூடின பெட்டிக்குள் நத்தையை வைத்தால் அந்தச் சூடு முழுக்கப் பெட்டியில் நிற்கும். தகரமே அடுப்பாகி, பக்கத்தில் இருக்கிற டீசல் ஹோஸை உருக்கும். மலையில் மணிக்கணக்காக இரண்டாம் கியரில் ஏற வேண்டும். அங்கே வண்டி மெதுவாகத்தான் போகும், முன்காற்று கிடையாது, எஞ்சினுக்கோ முழுப் பாரம். பிரேக் ஆயில் குழாய் அந்தப் பக்கம் போகிறதென்றால் ஆயில் கொதித்துவிடும். இறங்கும்போது மிதித்தால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். நான் சொன்ன ஒரு பொய்க்காக நீ உனக்குத் தெரிந்ததையெல்லாம் தப்பு என்று நினைத்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகப் போகிறாய். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. காற்று பட்டு வெடிக்கவில்லை. காற்று ஒரு கெடுதலும் செய்யவில்லை. உன் செவுள்கள் சரி. உன் இரட்டைத் தகரம் சரி. எண்ணெய்க் குழாய் இணைப்பை மட்டும் இன்னொரு தடவை இறுக்கிப் பார். அன்றைக்கு அது கசிந்தது. அது ஒன்றுதான் உன் பங்கு, அது யாருக்கும் நடக்கும். மற்றது முழுக்க நான்.

நேற்றுத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியிடம் போனேன். அவர் முன்னால் சொன்ன பொய்யை அவர் முன்னால்தான் எடுக்க வேண்டும். சாக்கையும் கொண்டுபோய் அவர் மேஜை மேல் விரித்தேன். கணக்கப்பிள்ளை, கட்டு அடுக்குகிற பெண்கள், எல்லாரும் இருந்தார்கள். அவர் அந்தக் கருகின வட்டத்தைக் குனிந்து பார்த்தார். “நம்ம ஆபீஸ் சாக்கு வேலையாவே இது?” என்றார். ஆமாம் அண்ணாச்சி என்றேன். “இதைச் சொல்ல உமக்கு ரெண்டு வருசமா? அந்தப் பயலை நான் மாவு சலிக்கவான்னு கேட்டனே. அவிய அம்மா மொகத்துல இனி எப்படி முழிப்பேன்?” என்று கோபப்பட்டார். நான் சாக்கை மடித்தேன். அப்புறம், “கோயம்புத்தூருக்கு நாளைக்குச் சாயங்காலம் நம்ம லோடு போகுது. அவனுக்கு என்ன அனுப்பணுமோ ஏத்திவிடும்” என்றார்.

அதனால் பானெட்டை அனுப்புகிறேன். உன் காரும் அம்பாசிடர்தான், நாலு போல்ட்டில் மாட்டிவிடலாம், புதிதாக வெட்ட உனக்கு நேரம் இருக்காது. நான் அடைத்த தகரத்தை உளி வைத்துப் பெயர்த்தேன். இரண்டு இடத்தில் ஓரம் கோணலாகிவிட்டது. வெட்டு நேராக இருக்கிற ஐந்தும் உன் கை, கோணலாக இருக்கிற இரண்டும் என் கை. யாராவது கேட்டால் அப்படியே சொல். உட்குழிவில் பழைய சேலையைச் சுற்றி அம்மா ஒரு பொட்டலம் கட்டியிருக்கிறாள், கடம்பூர் போளி. டீசல் வாடை அடித்தால் என்னைத் திட்டாதே, அவளிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

(அண்ணா, இதை மட்டும் நானே எழுதுகிறேன், கோமதி. இந்த இடத்தில் அப்பா எழுந்து போய்விட்டார்கள். காருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். பானெட் இல்லாமல் எஞ்சின் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அப்பா சட்டைத் துண்டால் அதைத் துடைக்கிறார்கள். துடைத்த இடத்தையே துடைக்கிறார்கள். லாரி வந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறது. இதோ வருகிறார்கள்.)

வேறென்ன. மன்னித்துவிடு என்று எழுதட்டுமா என்று கோமதி கேட்கிறாள். அதை முகத்துக்கு நேராகத்தான் கேட்க வேண்டும், லாரியில் ஏற்றி அனுப்பக் கூடாது. வெள்ளிக்கிழமை மலையேறி இறங்கின பிறகு, என்ன ஆயிற்று என்று ஒரு கார்டு போடு. இந்தத் தடவை என் பேருக்குப் போடு. எழுத்துக்கூட்டியாவது நானே படித்துக்கொள்வேன்.

பானெட்டைக் கொடுத்துவிட்டால் இங்கே வண்டி திறந்து கிடக்கும். படுதா ஒன்று போட்டிருக்கிறேன், காற்று தூக்குகிறது. இப்போது புரட்டாசி. ஐப்பசி பிறந்தால் மழை வந்துவிடும், எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கிவிடும். வேறு பானெட் வாங்கி மாட்ட மாட்டேன். உன் மலைவேலை முடிந்ததும், மழைக்கு முன்னால், அதை நீயே கொண்டுவந்து மாட்டு. அடித்தகரத்தை நான் கழற்றிவிட்டேன்.

அப்பா